நாற்பது கழியட்டும் என்று சொல்லாதீர்கள்



"நாற்பது கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பிள்ளை பெற்ற வீடுகளில் நாள்தோறும் சொல்லப்படும் இந்த ஒற்றை வாக்கியத்திற்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் அவர்கள் நம் உம்மாக்கள், நன்னிமார்கள், மாமியார்கள். பேறுகாலத்துப் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், பச்சிளங்குழந்தைக்குக் காற்று படக் கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்பட்ட அதே வாக்கியம் ஒரு குழந்தையின் கல்லீரலை அழித்ததை எங்கள் உறவு வீடொன்றில் நாங்கள் பார்த்தோம். பார்த்துக்கொண்டு சும்மாவும் இருந்தோம். ஆகவே இதில் உள்ள குற்றச்சாட்டு முதலில் எங்கள் மீதே.

நாங்கள் பேச வந்த நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் 'பிலியரி அட்ரீசியா' என்று பெயர். தமிழில் பித்தநாள அடைப்பு எனலாம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள், குழந்தை பிறந்து சில வாரங்களுக்குள் வீங்கி, தழும்பேறி, அடைந்துபோகின்றன. வெளியேற வழியில்லாத பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதனைக் கெடுக்கிறது. குடியை அறியாத சிசுவுக்குக் குடிகாரனுக்கு வருவது போன்ற கல்லீரல் சுருக்கம் சில மாதங்களில் வந்துவிடுகிறது. சிகிச்சை இல்லையேல் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அரிய நோய்தான். உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்ற அளவிலேயே காணப்படுகிறது. கிழக்காசியாவில் சற்று அதிகம். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்குச் சற்று மிகுதி. இத்தனை அரிய நோய்க்கு எதற்கு இவ்வளவு நீண்ட கட்டுரை என்று கேட்கலாம். இந்நோயின் அடையாளம் எந்தக் கருவியும் இன்றி, படிப்பறிவில்லாத ஒரு மூதாட்டியும் வீட்டிலிருந்தே கண்டுகொள்ளக்கூடியது. அதைக் கண்டுகொள்ள நமக்குக் கிடைக்கும் அவகாசமோ எண்ணிச் சில வாரங்கள். இவ்விரண்டும்தான் காரணம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறோம். கடலோர ஊர். தலைப்பிள்ளை, பெண் குழந்தை. ஏழாம் நாள் முடி களைந்து, அகீகா கொடுத்து, உறவுக்கெல்லாம் இறைச்சி பங்கிட்டார்கள். நாங்கள் சென்றது இருபத்திரண்டாம் நாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தாள், பால் நன்றாகக் குடித்தாள், அழுகையிலும் குறைவில்லை. கண்ணின் வெள்ளையில் மட்டும் மஞ்சள். "பிறந்ததிலிருந்து இருக்கிறது, வெயிலில் காட்டுகிறோம்" என்றார் பாட்டி. அப்போது அந்த இளந்தாய் தயக்கத்தோடு ஒரு சொல் சொன்னாள்: "ராத்தா பிள்ளைகளுக்குத் துணியெல்லாம் மஞ்சளாகக் கறை பிடிக்கும். இவளுக்குச் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாகப் போகிறது." பாட்டி சிரித்தார். "பால் நன்றாகச் செரித்தால் அப்படித்தான் வெள்ளையாகப் போகும். நாற்பது கழியட்டும், பார்ப்போம்." நாங்கள் நெய்ச்சோறு உண்டு, குழந்தையின் கையில் பணம் வைத்து, துஆச் செய்துவிட்டு வந்தோம்.

அந்த வீட்டில் நோயைக் கண்டுபிடித்தவள் அந்தப் பெண் ஒருத்திதான். இருபது வயதும் நிரம்பாதவள், பிள்ளை வளர்த்து அனுபவம் இல்லாதவள், ஆனால் கண்ணால் கண்டதைச் சரியாகச் சொன்னவள். அவளைத் தவிர அங்கிருந்த எல்லோரும், எங்களையும் சேர்த்து, அனுபவசாலிகள்.

மலத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் அவள் சொன்னதன் கனம் விளங்கும். நாம் உண்ணும் உணவோ, குழந்தை குடிக்கும் பாலோ மலத்துக்கு மஞ்சளையும் பழுப்பையும் தருவதில்லை; பித்தநீரே தருகிறது. பிறந்த குழந்தை முதலில் கரும்பச்சையாகக் கழிக்கும். சில நாட்களில் அது மாறி, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் கடுகை அரைத்தாற்போன்ற மஞ்சளாக வரும். மஞ்சள், பச்சை, பழுப்பு இவற்றில் எதுவானாலும் அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளை, சுண்ணாம்பு, களிமண், சாம்பல், வெளிறிய பாலேட்டு நிறம் ஆகியவை பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்பதைக் காட்டுகின்றன. பால் நன்றாகச் செரிப்பதால் மலம் வெளுக்கும் என்பது முற்றிலும் தவறு. பித்தநீர் இன்றிக் கொழுப்பு செரிப்பதில்லை. எனவே மலம் வெளுத்த பிள்ளைக்குப் பாலிலுள்ள கொழுப்பு சரியாகச் செரிக்கவில்லை என்பதே உண்மை.

குடலுக்குப் போகாத அந்த நிறப்பொருள் இரத்தத்தில் சேர்ந்து சிறுநீர் வழியே வெளியேறுகிறது. பச்சிளங்குழந்தையின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்றிருக்க வேண்டும். துணியில் காய்ந்தபின் கறை தெரியக் கூடாது. கெட்டித் தேயிலை நிறத்தில் சிறுநீர் கழித்துத் துணியில் மஞ்சள் கறை படிந்தால், மலம் என்ன நிறத்தில் போகிறது என்று உடனே பாருங்கள். ஒன்று வெளுக்க, மற்றொன்று கறுக்கும். கண்ணில் மஞ்சளும் இவ்விரண்டும் சேர்ந்துவிட்டால், அன்றே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. மலம் ஒரே நாளில் வெளுப்பதில்லை. முதல் வாரங்களில் ஓரளவு நிறத்தோடு இருந்து, பின் மெல்ல மெல்ல வெளிறும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அம்மாற்றம் பழகிவிடுகிறது. குழல்விளக்கின் வெளிச்சத்திலும் நிறம் ஏமாற்றும்; பகல் வெளிச்சத்தில், சன்னலருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மேலே மஞ்சள் பூச்சாகத் தெரிந்து உள்ளே வெளுத்திருப்பதும் உண்டு. எனவே ஒரு குச்சியால் கலைத்துப் பார்ப்பதில் அருவருப்பு வேண்டாம். ஐயமிருந்தால் வெள்ளைக் காகிதத்தை அருகில் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பேசியில் எதையெதையோ எடுத்து வைக்கும் நாம் இதையும் எடுத்து வைக்கலாம்.

கண் மஞ்சளும் அப்படித்தான். பச்சிளங்குழந்தை பெரும்பாலும் கண்மூடித் தூங்கும். நம்மவர் நிறத்தில் தோலின் மஞ்சள் எளிதில் புலப்படாது. போதாக்குறைக்குச் சில வீடுகளில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள், கண்ணுக்குச் சுர்மா இடுகிறார்கள். (சுர்மாவில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.) பால் குடிக்கும்போது விழித்திருக்கும் நேரத்தில், பகல் வெளிச்சத்தில், கண்ணின் வெள்ளையைப் பார்ப்பதே நம்பகமானது.

இப்போது நாட்கணக்கிற்கு வருவோம். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் காணும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அது மிகுந்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். தாய்ப்பாலால் வரும் மஞ்சள் சற்று நீடிக்கலாம். அது தீங்கற்றது, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆனால் பதினான்கு நாட்களுக்குப் பின்னும் மஞ்சள் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிலிரூபின் என்னும் நிறப்பொருளின் மொத்த அளவு மட்டும் போதாது. 'நேரடி பிலிரூபின்' எவ்வளவு என்று தனியே கேட்டுப் பெற வேண்டும். அது உயர்ந்திருந்தால் அந்த மஞ்சள் தாய்ப்பால் மஞ்சள் அன்று. வெயிலும் நீலவிளக்கும் கரைப்பது மற்றவகை மஞ்சளை மட்டுமே. பித்தநாளம் அடைந்த குழந்தையை வெயிலில் காட்டினால் நாட்கள்தான் கரையும்.

அடைப்பு என்று தெரிந்தபின் செய்யப்படும் அறுவை சிகிச்சையை, ஜப்பானின் செண்டாய் நகரில் தோஹோகு பல்கலைக்கழகத்து மருத்துவர் மோரியோ கஸாய் 1950-களில் உருவாக்கினார். அதுவரை இந்நோய்க் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். அடைந்த நாளத்தை அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியையே மேலே கொண்டுசென்று கல்லீரலின் வாயிலில் இணைத்துப் பித்தநீருக்கு வழி அமைப்பது இம்முறை. அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. ('கஸாய் ஆபரேஷன்' என்று மருத்துவர் சொன்னதும் எங்களுடன் வந்திருந்த, உருது அறிந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார். கசாப்புக்காரருக்கு உருதுவில் உள்ள சொல் அது. ஜப்பானியர் பெயர் என்று விளக்கிய பிறகே அமர்ந்தார்.)

இச்சிகிச்சை அறுபது நாட்களுக்குள் நடந்தால் பித்தநீர் வழிந்தோடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. முப்பது, நாற்பது நாட்களிலேயே நடந்தால் இன்னும் நல்லது. தொண்ணூறு நாட்களைத் தாண்டினால் அவ்வாய்ப்பு மிகவும் குறைந்துபோகிறது. இனி நம் வீட்டு நாட்காட்டியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நாற்பதாம் நாள் குளிப்பு. நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி. பல குழந்தைகள் பிறந்தபின் முதன்முறையாக மருத்துவப் பணியாளர் கண்ணில் படுவது அன்றுதான். அங்கே யாரேனும் கண்டு சொன்னால், இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் ஸ்கேன், தேவையெனில் கல்லீரல் திசுச் சோதனை, பெரிய மருத்துவமனையில் இடம், மயக்க மருந்துக்கான ஆயத்தம் என்று நாட்கள் ஓடும். அறுபதுக்கு எஞ்சியிருப்பதோ பதினைந்து நாள். நாற்பது நாள் பொறுப்பது என்பது கையிலிருந்த அவகாசத்தில் மூன்றில் இரண்டு பங்கை, எதையும் செய்யாமல், தொலைப்பதாகும்.

இந்த நாற்பதை மார்க்கமாக எண்ணுபவர்களிடம் கேட்கிறோம்: எந்த மார்க்கம்? பேறுகால உதிரப்போக்கிற்கு, அதாவது நிஃபாஸுக்கு, ஹனஃபி மத்ஹபில் உச்ச வரம்பு நாற்பது நாள். ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமான அளவு நாற்பது, உச்ச வரம்பு அறுபது. அந்நாட்களில் தாய்க்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. உதிரம் முன்னரே நின்றுவிட்டால் குளித்துவிட்டு அன்றே தொழ வேண்டும் என்பதும் சட்டமே. நாற்பதை எண்ணிக்கொண்டிருக்க அனுமதி இல்லை. இச்சட்டங்களில் எங்கேனும் தாய் வாசற்படி தாண்டக் கூடாது என்றோ, பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகக் கூடாது என்றோ இருக்கிறதா? இல்லை. தாயின் வணக்கத்துக்கான சலுகையை எடுத்துக் குழந்தையின் மீது காவலாகப் போட்டிருக்கிறோம். அது ஊர்வழக்கம். ஊர்வழக்கம் நன்மை தரும் வரை இருக்கட்டும். அதற்கு ஷரீஅத்தின் போர்வையைப் போர்த்த வேண்டாம்.

அடுத்தது மருந்து. மஞ்சள் என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வராத தமிழ் வீடு இல்லை. பெரியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி, கிருமியால் வந்து சில வாரங்களில் தானே தணிவது. அது தணியும் நேரத்தில் எந்தச் சாற்றைக் குடித்தோமோ, அதற்குப் பெருமை சேர்கிறது. பித்தநாளம் தழும்பேறி அடைந்த சிசுவுக்கு எந்த இலையின் சாறும் அந்நாளத்தைத் திறக்காது. மேலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாத குடலுக்குள், வடிகட்டிய பச்சிலைச் சாற்றையும் குளுக்கோஸ் தண்ணீரையும் புகட்டுவது வேறு நோய்களுக்கு வாசல் திறப்பது. அந்த வீட்டில் பத்து நாள் கீழாநெல்லி நடந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் துஆவை மறுப்பவர்கள் அல்லர். கண்ணேறு உண்மை என்பது ஹதீஸில் உள்ளது. நோயாளிக்காக ஓதுவது ஸுன்னத். தாவீஸ் கட்டலாமா கூடாதா என்ற பழைய வழக்கையும் இங்கே கிளற விரும்பவில்லை. எங்கள் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: ஓதுவதைக் காத்திருப்பதற்கான காரணமாக்குவது. மூன்று வியாழன் ஓதி ஊத வேண்டும் என்று ஒரு ஹஜ்ரத் சொன்னால், அது இருபது நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம், "முதலில் மருத்துவரிடம் போங்கள், நான் இங்கிருந்தே துஆச் செய்கிறேன்" என்று சொல்லும் ஆலிம்களையும் நாங்கள் அறிவோம். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தியை நாம் மேடைதோறும் கேட்கிறோம். பொருளுக்கும் பயணத்துக்கும் அதைப் பொருத்தும் நாம், பிள்ளையின் உடம்புக்கு மட்டும் ஏன் பொருத்த மறுக்கிறோம்?

இன்னும் கொடியது, பழியைத் தாயின் தலையில் வைப்பது. சூலியாக இருந்தபோது பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள், மஃரிப் நேரத்தில் முற்றத்தில் நின்றாள், அவள் பாலே மஞ்சள் என்று அந்த வீட்டிலும் பேச்சு எழுந்தது. இந்நோய் ஏன் வருகிறது என்பதை மருத்துவ உலகம் இன்றுவரை முழுமையாக அறியவில்லை. தாய் உண்டதாலோ செய்ததாலோ வருவதன்று என்பது தெளிவு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த பிள்ளைக்கு வருவதும் மிக அரிது. வாய் திறந்து முதலில் உண்மையைச் சொன்ன அப்பெண்ணே கடைசியில் குற்றவாளியாக்கப்பட்டாள்.

மருத்துவர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் போனபோது அங்கிருந்த செவிலியர் துணியைப் பார்த்துவிட்டுப் பதறி அனுப்பினார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. அவர் அனுப்பிய இடத்தில் இருந்த மருத்துவரோ மலத்தின் நிறத்தைக் கேட்கவும் இல்லை, நேரடி பிலிரூபினைப் பார்க்கவும் இல்லை. பால் மஞ்சள் என்று சொல்லி, கல்லீரல் சொட்டுமருந்து எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். குழந்தை எடை கூடுகிறாளே, என்ன அவசரம் என்றார். எடை கூடுவது தொடக்கத்தில் இந்நோயின் இயல்பு. அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஆகவே வெள்ளைச் சட்டைக்கு முன்னாலும் வாய் மூடி நிற்காதீர்கள். "டாக்டர், மலம் வெளுப்பாகப் போகிறது, நேரடி பிலிரூபின் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் வேறொருவரிடம் போங்கள்.

அக்குழந்தை சென்னைக்கு வந்தது அறுபத்தெட்டாம் நாள். அறுவை நடந்தது எழுபத்து நான்காம் நாள். பித்தநீர் வரவில்லை. வயிறு உப்பியது, இரவெல்லாம் அரிப்பில் அழுதாள், வளர்ச்சி நின்றது. கல்லீரல் மாற்று ஒன்றே வழி என்றார்கள். தந்தையின் இரத்தவகை பொருந்தவில்லை, தாயைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு மாதத்தில் மௌத்தானாள். முன்னரே செய்திருந்தாலும் பலனளித்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அறுவை மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். அது உண்மையே. கஸாய் முறை வெற்றி பெற்ற பிள்ளைகளிலும் பலருக்குப் பின்னாளில் மாற்றுக் கல்லீரல் தேவைப்படுகிறது. ஆயினும் அதற்குள் கிடைக்கும் வருடங்களில் பிள்ளை வளர்ந்துவிடும். மாற்றுச் சிகிச்சையைத் தாங்கும் உடம்பு வந்துவிடும். அவ்வாய்ப்பை அவளுக்கு நாம் கொடுக்கவில்லை என்பதுதான் எங்களை உறங்கவிடாதது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் என்று ஜனாஸா வீட்டில் பலர் ஆறுதல் சொன்னார்கள். ஆமென்றோம். நமக்குக் கொடுக்கப்பட்ட அமானிதத்தைப் பற்றிய கேள்வி நம்மிடம்தான் கேட்கப்படும் என்பதும் அதே மார்க்கத்தில்தான் உள்ளது.

வேறு நாடுகள் இதற்கு என்ன செய்தன என்று பாருங்கள். தைவானில் குழந்தைகளுக்கான சுகாதாரக் கையேட்டில் ஒரு வண்ண அட்டையைச் சேர்த்தார்கள். இயல்பான மல நிறங்களும் ஆபத்தான மல நிறங்களும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். தாய் தன் பிள்ளையின் துணியை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். 2002-இல் சில இடங்களில் தொடங்கி 2004-இல் நாடு முழுதும் பரப்பினார்கள். அறுபது நாட்களுக்குள் அறுவை பெறும் குழந்தைகளின் விகிதம் அதன்பின் உயர்ந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. ஒரு துண்டு அட்டைதான். நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் தொழுகை நேர அட்டவணை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கின்றன. அதன் பின்பக்கம் பெரும்பாலும் நகைக்கடை விளம்பரம். குழந்தை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் இந்நிறங்களை அங்கே அச்சிட என்ன தடை?

கல்லீரல் மாற்று என்றதும் இரண்டு அச்சங்கள் எழும். ஒன்று பணம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் பிள்ளை நோயுறும் வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். மற்றொன்று மார்க்கம். 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்தது. நம் நாட்டு உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள், ஆனால் அன்றே கேட்டு அன்றே முடிவெடுங்கள். தாயோ தந்தையோ கொடுப்பது கல்லீரலின் ஒரு பகுதியை மட்டும். எஞ்சியது மீண்டும் வளர்ந்துவிடும். 1998-இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்ட குழந்தைக் கல்லீரல் மாற்று தில்லியில் நடந்தது. அக்குழந்தை தமிழ்நாட்டுப் பிள்ளை. இரண்டு வயது நிரம்பாதது. நோய் இதே பித்தநாள அடைப்பு. கல்லீரலின் பகுதியைத் தந்தவர் தந்தை. அப்பிள்ளை வளர்ந்து இன்று மருத்துவராக இருக்கிறார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பித்தநீர் இன்றி வைட்டமின் 'கே' உடலில் சேராது, இரத்தம் உறையாது. தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், காரணமின்றிக் கன்றிப்போதல், மஞ்சளாக இருக்கும் குழந்தை திடீரெனத் துவண்டு பால் மறுத்தல் ஆகியவை மூளைக்குள் இரத்தக்கசிவு வரை போகக்கூடியவற்றின் அறிகுறிகள். அங்கே நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்கு. மஞ்சள் தெளியாத குழந்தைக்குக் கத்னா செய்வதையும், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தள்ளிவையுங்கள்.

அந்த ஜனாஸாவுக்குப் பிறகு, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம்: "பிள்ளைக்கு என்ன நிறத்தில் போகிறது?" விருந்துக்கு வந்த இடத்தில் கேட்கும் கேள்வியா இது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இலை முன்னால் வைத்துக்கொண்டா என்று ஒருவர் கோபித்தே விட்டார். சென்ற மாதம் ஒரு வீட்டில் இருபதாம் நாள் பிள்ளை, கண்ணில் இன்னும் மஞ்சள். கேட்டதும் அந்த நன்னிமா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், துவைக்கப் போட்டிருந்த துணியை எடுத்துவந்து சன்னலோரம் விரித்துக் காட்டினார். கடுகு மஞ்சள். இரத்தப் பரிசோதனையை மட்டும் நாளைக்கே செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தோம்.